வேகாத பீன்ஸும் பழி சுமந்த தண்ணீரும்

தமிழர்கள் எந்த ஊருக்குக் குடிபோனாலும் முதல் வாரத்திலேயே ஒரு தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: தண்ணி சரியில்லை. முடி கொட்டினால் தண்ணி. காபி ருசிக்கவில்லையென்றால் தண்ணி. பிள்ளை இளைத்துவிட்டான், பருப்பு வேகவில்லை, துணி வெளுக்கவில்லை, எல்லாவற்றுக்கும் அதே குற்றவாளி. இந்தியாவிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்தவர்கள் இப்படிச் சொன்னால் புரிந்துகொள்ளலாம். தென்னாப்பிரிக்காவின் கடலோர நகரமான டர்பன் பக்கம் பிறந்து, நாலைந்து தலைமுறையாக இந்த நாட்டுத் தண்ணீரையே குடித்து வளர்ந்த தமிழர்களும் அதையேதான் சொல்கிறார்கள். "டர்பன்ல வேகும் தம்பி, இங்க வேகாது. இந்த ஊர் வாட்டர் அப்படி." ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டி இந்தியர்கள் நிறைந்து வாழும் லெனேசியாவில் இதைச் சொல்லாத வீடு இல்லை. எனக்கு இது சரியாகப் படவே இல்லை. ஏனென்றால் இங்கே குழாய்த் தண்ணீரில் சோப்பைத் தேய்த்தால் நுரை அடங்க மாட்டேன் என்கிறது.

தண்ணீரைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் வளர்ந்த விருதுநகர்ப் பக்கம் போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கேஸ் தீரும், பருப்பு அசையாது. பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் படியும். அந்தத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம், சோப்பும் அதில் சரியாக நுரைக்காது. பருப்போ பயறோ கிழங்கோ, அதன் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட் பூசியிருப்பது போல. வெந்துவிட்டது என்று நாம் சொல்வது அந்தப் பெக்டின் கரைந்து செல்கள் தனித்தனியாக விலகிக்கொண்டதைத்தான். கால்சியம் நிறைந்த தண்ணீரில் போட்டால் கால்சியம் உள்ளே போய்ப் பெக்டின் இழைகளை இன்னும் இறுக்கிக் கட்டிவிடும். அம்மா அதனால்தான் பருப்புக்கென்று ஒரு குடம் நல்ல தண்ணீரை யாரும் தொடாமல் ஒதுக்கி வைப்பாள். அவளுக்குக் கால்சியம் தெரியாது, ஆனால் அந்தக் குடத்தை எடுத்துக் கை கழுவினால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆக, விருதுநகரில் அந்தத் தீர்ப்பு சரி. இங்கே வருவது வால் (Vaal) என்கிற ஆற்றின் தண்ணீர். சோப்பு நுரைக்கிறது, கெட்டிலின் அடியில் எங்கள் ஊர் அளவுக்கு உப்பும் படிவதில்லை. இருந்தும் திறந்த பாத்திரத்தில் வைத்த பீன்ஸ் வேகாமல் அடம்பிடிக்கிறது. அம்மாவிடம் போனில் சொன்னால், "இன்னும் ரெண்டு விசில் விடுடா" என்பாள். குக்கரே இல்லையம்மா, பானையில் வைத்திருக்கிறேன் என்றாலும், "அப்ப ரெண்டு விசிலுக்கு உண்டான நேரம் வை" என்பாள். அது எவ்வளவு நேரம் என்று கேட்டால், "அதெல்லாம் ஒரு கணக்குதான்" என்று பேச்சு முடிந்துவிடும்.

மலை மாதிரி தெரியாத மலை

ஜோஹன்னஸ்பர்க் மலை மேல் இருக்கிறது என்பதை இங்கே வாழ்கிறவர்களே மறந்துவிடுகிறார்கள். கொண்டை ஊசி வளைவு கிடையாது, தேயிலைத் தோட்டம் கிடையாது, மூடுபனியில் ஜீப் ஹாரன் அடிப்பதும் கிடையாது. எங்கே பார்த்தாலும் சமவெளி. 1886-ல் தங்கம் கிடைத்தது என்பதற்காக எழுந்த ஊர். ஆறோ துறைமுகமோ பார்த்து யாரும் இடம் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் நகரம் நிற்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். நம் ஊர்க் கணக்கில் ஏற்காட்டுக்கு மேலே, குன்னூருக்குக் கொஞ்சம் கீழே. லெனேசியா நகரத்தைவிடச் சற்றுத் தாழ்வு, அவ்வளவுதான். குன்னூரில் பருப்பு வேக நேரமாகும் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அதையே தட்டையான ஊரில் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மலைக்குப் பழி போட மனசு வராது போல. குழாயில் வருகிற தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறதே.

நான் குடியிருப்பது ஆயா வீட்டுப் பின்கட்டில். என் ஆயா இல்லை, தெருவுக்கே ஆயா. டர்பனுக்கு வடக்கே கடலோரம் இருக்கும் டோங்காட்டில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவர். கல்யாணமாகி லெனேசியாவுக்கு வந்தவர். பாட்டியிடம் கற்ற தமிழை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார், நடுநடுவே இங்கிலீஷ் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் செய்கிற சுகர் பீன்ஸ் கறிக்குத் தெருவில் தனி மரியாதை. சுகர் பீன்ஸ் என்றால் இனிப்பு எதுவும் இல்லை. வெளிர்நிறத்தில் சிவப்புப் புள்ளி தெளித்த பீன்ஸ், வெங்காயம், கறிவேப்பிலை, டர்பன் மசாலா போட்டுக் குழைய வேகவைத்து ரொட்டியோடு தின்பார்கள்.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். இங்கே எல்லாரும் 'போரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். நம் ஊரில் ஆடிக் காற்றில் அம்மி பறக்கும். இங்கே ஆடி என்றால் நடுக் குளிர்காலம், விடிகாலையில் புல் மேல் வெள்ளையாய் உறைபனி. அன்றைக்கு டோங்காட்டிலிருந்து ஆயாவின் தங்கச்சி வந்திருந்தார். தெருவில் அவருக்குச் சின்ன ஆயா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆயா கூழ் வேலையில் இருந்ததால் மத்தியானச் சாப்பாட்டுக்கு பீன்ஸ் கறி செய்யும் பொறுப்பு சின்ன ஆயாவுக்கு. ஒரே அம்மாவிடம், ஒரே அடுப்படியில் சமையல் பழகிய இருவர். ஒருவர் கடலோரத்திலேயே இருந்துவிட்டார், இன்னொருவர் மேலே ஏறி வந்துவிட்டார். சோதனைக்கூடத்தில் திட்டம் போட்டால்கூட இவ்வளவு ஒழுங்காக அமையாது.

சின்ன ஆயா பீன்ஸை ஊறவைக்கவில்லை. டோங்காட்டில் அவர் ஊறவைப்பதில்லையாம். காலையில் பானையில் தண்ணீர் வைத்து பீன்ஸைப் போட்டு, அது பாதி வேகும் முன்பே மசாலா, தக்காளி எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார். ஆயா அந்தப் பக்கமாக வந்தபோது பார்த்துவிட்டு, "தக்காளி இப்பவே ஏன்டி போட்ட?" என்றார். "அம்மா இப்படித்தானே போடுவாங்க? நீதான் இங்க வந்து மாத்திட்ட" என்று பதில் வந்தது. ஆயா ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்த மௌனத்தில் பல வருடத்துப் பாக்கி இருந்தது என்று நினைக்கிறேன்.

மத்தியானம் ஆனது. கூழ் ஊற்றி முடிந்தது. பானை தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது, பீன்ஸ் கல்லாகவே இருந்தது. வந்தவர்கள் தட்டோடு சுற்றிச் சுற்றி வந்தார்கள். சின்ன ஆயா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "உங்க ஊர் வாட்டர் சரியில்ல அக்கா."

நான் பின்கட்டுக்கு ஓடி, இறைச்சி சுடும்போது உள்ளே குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்துவந்து பானைக்குள் விட்டேன். எண் 94-க்கும் 95-க்கும் நடுவில் நின்றது. தீயைக் கூட்டச் சொன்னேன். கொதி பலமானது, ஆவி கிளம்பியது, எண் நகரவில்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே என்று ஒரு பையன் கேட்டான். படித்தது சரிதான், கடலோரத்தில். தண்ணீர் கொதிப்பதென்றால் உள்ளிருந்து கிளம்பும் ஆவி, மேலே இருந்து அமுக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவது. மேலே போகப் போக அமுக்கும் காற்று குறைவு. இங்கே கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. அதனால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. கொதித்த பிறகு அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது, ஆவியாகப் போகும், அவ்வளவுதான்.

"உன் மெஷின் கெட்டுப்போச்சு" என்றார் ஆயா. சந்தேகம் நியாயமானது. தென்னாப்பிரிக்காவில் இறைச்சி சுடாத வீடு அபூர்வம் என்பதால் டோங்காட்டில் சின்ன ஆயாவின் பேரனிடமும் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டோம். அவன் அங்கே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, போனை ஆவிக்கு மேலேயே பிடித்துக் காட்டினான். லென்ஸ் மங்கி, துடைத்து, மறுபடி மங்கி, ஒருவழியாக எண் தெரிந்தது. நூறுக்கு ஒரு மயிரிழை கீழே. ஆயாவுக்கு அந்தப் பையன் மேல் கோபம் வந்தது போலிருந்தது.

ஆறு டிகிரிதானே என்று தோன்றும். ஜுரத்தில் ஆறு டிகிரி என்றால் ஆஸ்பத்திரி, பானையில் ஆறு டிகிரி என்றால் அலட்சியம். பெக்டின் கரையும் வேகம் சூட்டோடு சேர்ந்து நேர்க்கோட்டில் ஏறுவதில்லை, தாவி ஏறும். அதனால் சூடு கொஞ்சம் இறங்கினாலே நேரம் நிறைய இழுக்கும். அதோடு தக்காளி வேறு. புளிப்பு இருக்கிற இடத்தில் பெக்டின் கெட்டியாகிக் கரைய மறுக்கும். டோங்காட்டின் நூறு டிகிரியில் அந்தத் தக்காளியின் தடையைத் தாண்டி பீன்ஸ் எப்படியோ வெந்துவிடுகிறது. இங்கே ஆறு டிகிரியையும் இழந்து, தக்காளியோடும் மல்லுக்கட்ட அதனால் முடியவில்லை. ஊறவைக்காதது மூன்றாவது.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பசி பொறுக்காத சின்ன ஆயா ஆப்பசோடாவை எடுத்து, ஸ்பூன் என்றெல்லாம் பார்க்காமல் டப்பாவிலிருந்தே தட்டிவிட்டார். பானை நுரைத்து எழுந்தது. அது அடங்கியபோது கறியின் நிறம் மாறியிருந்தது. மசாலாச் சிவப்பு இல்லை. செங்கல்லைக் கரைத்த மாதிரி ஒரு சிவப்பு. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, கறிக்கே ஆரத்தி எடுத்துட்ட!" என்றார்.

அது வேடிக்கைக்குச் சொன்னதானாலும், நடந்தது அதுவேதான். ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே, அதே வேதியியல். மஞ்சளில் இருக்கும் குர்குமின் சாதாரணமாகவும் புளிப்பிலும் மஞ்சளாக இருக்கும், காரம் கூடினால் சிவக்கும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதை நம்பித்தான். (காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை, சுண்ணாம்புக் காரம். வேதியியல் பாடப்புத்தகம் எழுதியவர்கள் சமையலறைப் பக்கம் போனதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.) ஆப்பசோடா சாதாரணமாக மிதமான காரம். கொதிக்கும்போது கரியமில வாயுவை விட்டுவிட்டு இன்னும் கடுமையான சோடா உப்பாக மாறிவிடும். சிவப்பு அதனால் வந்தது. அந்தக் காரமே பெக்டினையும் சரசரவென்று கரைத்தது. பீன்ஸ் கொஞ்ச நேரத்தில் மசிந்துவிட்டது. சோடாவின் புண்ணியத்தில் வைட்டமின் பி1 ஒரு பங்கு போயிருக்கும், கறியில் லேசாகச் சோப்பு வாடையும் வந்தது. ஆயா புளியைக் கரைத்து ஊற்றினார். நிறம் கண்ணெதிரே திரும்பி வந்தது. பிள்ளைகள் இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள், நல்லவேளை சோடா டப்பாவை ஆயா ஒளித்துவிட்டார்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்கு முக்கியமான விஷயம் உறைத்தது. ஆயா எப்போதுமே பீன்ஸை முந்தின ராத்திரி உப்புப் போட்டு ஊறவைப்பார். தக்காளியும் புளியும் பீன்ஸ் நன்றாக வெந்த பிறகுதான். உருளைக்கிழங்குக் கறியிலும் அப்படியே, கிழங்கு வெந்த பிறகுதான் தக்காளி. பானை மூடி ஆடாதபடி மேலே அம்மிக் குழவியை வைப்பார். நான் இதையெல்லாம் பலமுறை பார்த்திருக்கிறேன், பழக்கம் என்று விட்டுவிட்டேன். அன்று கேட்டேன், இதெல்லாம் உங்கம்மா சொல்லிக்கொடுத்ததா ஆயா என்று. "இல்ல, இங்க வந்தப்போ என் மாமியார் சொன்னாங்க. இந்த ஊர் வாட்டருக்கு இப்படித்தான் செய்யணும்னு."

சரியான கை, தவறான காரணம்

இந்த ஒரு பதில்தான் என்னை இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த மாமியாருக்கு காற்றழுத்தம் தெரியாது. ஆனால் அவர் செய்த ஒவ்வொரு மாற்றமும் காற்றழுத்தத்துக்கு எழுதிய பதில். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பின் சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தை வெளியே தள்ளி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், தோல் இளகும். உப்புப் போட்டால் பீன்ஸ் இறுகும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது தப்பு, இவர் செய்தது சரி. புளிப்பைக் கடைசிக்குத் தள்ளியது சரி. மூடி மேல் கல் வைத்ததில் சூடு பெரிதாக ஏறிவிடாது, ஆனால் இந்த வறண்ட ஊரில் தண்ணீர் வற்றாமல் இருக்கும். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, காரணம் கேட்டால் மட்டும் தண்ணீரைக் காட்டினார்.

காரணம் தவறாக இருந்தால் என்ன, கறி வெந்ததே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வித்தியாசம் ஊர் மாறும்போதுதான் தெரிகிறது. தண்ணீர்தான் காரணம் என்று நம்புகிறவர் பணம் செலவழித்து வடிகட்டி வாங்குவார். லெனேசியாவில் பீன்ஸ் வேகவைக்கக் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிவந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த பீன்ஸும் வேகவில்லை. பாட்டில் தண்ணீரும் போலி என்று அவர் முடிவுக்கு வந்தார்.

இதில் பெரிய துணை ஒன்று அவருக்கு உண்டு. 1835-ல் சார்லஸ் டார்வின் ஆண்டீஸ் மலையைக் கடந்துபோனபோது, இரவு முழுக்க அடுப்பில் இருந்த உருளைக்கிழங்கு காலையில் வேகாமலே கிடந்தது. அவருக்குக் காரணம் தெரியும், உயரம். கூட வந்த இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக் கண்டுபிடித்த காரணம் வேறு: பானை சபிக்கப்பட்டது, புதுப் பானை, அதற்குக் கிழங்கு வேகவைக்க இஷ்டமில்லை. டார்வின் இதை ரசித்துக் குறித்துவைத்திருக்கிறார். நமக்குத் தண்ணீர், அவர்களுக்குப் பானை. ஆயாவுக்கு என் தெர்மாமீட்டர்.

இப்போது குக்கருக்கு வருகிறேன், அம்மாவின் விசிலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மூடிய பாத்திரத்தில் ஆவியை அடைத்தால் சூடு ஏறும் என்று 1679-லேயே லண்டனில் டெனி பாப்பின் செய்துகாட்டிவிட்டார். எலும்பையே மெத்தென்று ஆக்கினார்; வெடிக்காமல் இருக்க எடை வைத்த வால்வும் அவர் ஏற்பாடுதான். நம் குக்கர் வெயிட்டின் மூதாதை அது. நம் ஊர் குக்கரில் வெளியே இருப்பதைவிட உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அளவுக்கு அழுத்தம் கூடினால் வெயிட் தூக்கும். கடலோரத்தில் அப்போது உள்ளே சுமார் 120 டிகிரி. இங்கே வெளியே காற்று குறைவாக இருப்பதால், அதோடு அந்த 1 கிலோவைக் கூட்டினாலும் 117 பக்கம்தான். பானையில் ஆறு டிகிரி நஷ்டம், குக்கரில் மூன்று. மலையில் பாதியைக் குக்கர் இறக்கிவிடுகிறது. வேகும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும்.

நேரத்தை என்றுதான் சொன்னேன், விசிலை என்று சொல்லவில்லை. இதில் என் அம்மாவோடு எனக்கு நிரந்தரச் சண்டை. விசில் என்பது பருப்பு எவ்வளவு வெந்தது என்பதன் கணக்கே இல்லை. தேவைக்கு மேல் எவ்வளவு தீ வைத்திருக்கிறோம் என்பதன் கணக்கு. பெரிய தீயில் கடகடவென்று நாலு விசில் வந்துவிடும், பருப்பு விறைப்பாக நிற்கும். வெயிட் தூக்கியதும் தீயைக் குறைத்துவிட்டால் எப்போதாவதுதான் ஒரு விசில் வரும், பருப்பு வெண்ணெயாகும். உள்ளே சூடு இரண்டிலும் ஒன்றே. மீட்டருக்கும் கிலோவுக்கும் உலகம் கூடி உட்கார்ந்து அளவு வகுத்தது. விசிலுக்கு மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அளவு, அதை நம்பித்தான் கோடிக்கணக்கான சாம்பார் ஓடுகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப எத்தனை விசில்ங்கிற?" என்றாள்.

மலை எல்லாவற்றையும் கெடுக்கவில்லை. தாளிப்பு மலை ஏறவே இல்லை. எண்ணெய் கொதிப்பதில்லை, காய்கிறது. அதன் சூட்டுக்குக் காற்றழுத்தம் வரம்பு போடாது. வெங்காயம் வதங்கும்போது அதில் தண்ணீர் இருக்கும்வரை சட்டி 94-ஐச் சுற்றியே நிற்கும், தண்ணீர் போன பிறகுதான் ஏறும். 140 டிகிரியை நெருங்கும்போதுதான் பொன்னிறமும் அந்த வாசனையும் மும்முரமாக வரும். எண்ணெய் பிரியும்வரை வதக்கு என்று நம் வீடுகளில் சொல்வது தண்ணீர் போய்விட்டதா என்று பார்க்கச் சொல்வதுதான். எனக்குத் தெரிந்த சமையல் குறிப்புகளிலேயே எந்த ஊருக்கும் பொருந்துகிற ஒரே வரி அது. பிறகு பில்டர் காபி. காபித்தூளுக்குக் கொதிகொதிக்கும் 100 டிகிரி ஆகாது, கசக்கும். 90-ஐத் தாண்டி 95 வரை இருந்தால் நல்லது என்பார்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் கெட்டில் கொதித்ததும் அப்படியே ஊற்றலாம். தண்ணீர் சரியில்லாத ஊரில் காபி மட்டும் இவ்வளவு சரியாக வருவது எப்படி என்று அந்த பாட்டில் தண்ணீர்க்காரரைக் கேட்டேன். பால் நல்ல பால் என்றார்.

கம்பளிக்குள் பானை

இந்த நாட்டில் சமையல் அறிவியலுக்கு இன்னொரு ஆசிரியரும் பல வருடம் இருந்தார், லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டு. மின்சாரம் போகும் நேரத்துக்கு அட்டவணை இருந்தது. அட்டவணையை மின்சாரம் மதித்ததா என்பது வேறு விஷயம். சமையல் பாதியில் அடுப்பு அணைந்து பழகியவர்கள் ஒண்டர்பேகைக் கண்டுபிடித்ததில் ஆச்சரியமில்லை. 2008-ல் சேரா காலின்ஸ் என்ற தென்னாப்பிரிக்கர் கொண்டுவந்தது. உள்ளே கனமாக அடைத்த துணிப்பை. கொதித்த பானையை மூடியோடு அதற்குள் வைத்துக் கட்டிவிட்டால் சூடு வெளியே போகாமல் மணிக்கணக்கில் அதுவாகவே வேகும். வைக்கோலுக்குள் பானையை வைத்த அந்தக் காலத்து உத்திதான், பூப்போட்ட துணியில் வந்திருக்கிறது. பெக்டினுக்கு அவசரமில்லை, சூடு கொஞ்சம் குறைவானாலும் நேரம் நிறைய கொடுத்தால் கரையும்.

ஒன்றை மட்டும் இங்கே சிரிக்காமல் சொல்ல வேண்டும். சிவப்பு ராஜ்மா போன்ற பீன்ஸில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டால் அது அழியும். கொதிக்காமல் மிதமான சூட்டிலேயே கிடந்தால் அழியாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். அதனால் பைக்குள் போகும் முன் பீன்ஸ் அடுப்பில் ஒரு அரைமணி நேரம் முழுக் கொதியில் இருக்கட்டும். மலை மேல் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் தாராளமாக. ஆயாவிடம் சொன்னபோது, அவர் எப்போதும் அப்படித்தான் செய்கிறாராம். காரணம் கேட்கவில்லை. தண்ணீர் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

உயரத்தை ஆயா ஒருவழியாக ஒத்துக்கொண்டுவிட்டார். இப்போது தெருவில் யாராவது தண்ணீரைத் திட்டினால், "வாட்டர் இல்ல, காத்து" என்று அவரே திருத்துகிறார். ("டோங்காட் காத்து கனமான காத்து" என்று அவர் சேர்த்துக்கொள்வதில் பிறந்த ஊர்ப் பெருமை இருந்தாலும், அறிவியலில் தப்பே இல்லை.) எங்கள் வழக்கு இப்போது இட்லி மாவுக்கு நகர்ந்திருக்கிறது. இந்தக் குளிரில் மாவு பொங்குவதில்லை. நான் கரண்டியால் கலக்குகிறேன், அதனால்தான் என்கிறார் ஆயா. கையால் கலக்க வேண்டும், அதுவும் ராசியான கையால். கூழுக்குக்கூட அவர் எல்லாரையும் மாவு கரைக்க விடமாட்டார்.

மாவைப் பொங்கவைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் உளுந்தோடு கூடவே வருகிறது, நம் கையை அது நம்பியில்லை. அதற்கு வேண்டியது 30 டிகிரியை ஒட்டிய கதகதப்பு, இங்கே ஆடி மாதத்து ராத்திரி 4 டிகிரிக்கு இறங்குகிறது, மாவு பொங்காமல் தூங்குகிறது என்றேன். ஆயா கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரே மாவை இரண்டு பாத்திரத்தில் பிரித்தோம். ஒன்றை ஆயா கையால் கலக்கினார். இன்னொன்றையும் அவரே கரண்டியால் கலக்கினார், நான் கலக்கினால் வேண்டுமென்றே கெடுப்பேனாம். இரண்டையும் ஒரு வெந்நீர்ப் பாட்டிலோடு ஒண்டர்பேகுக்குள் வைத்துக் கட்டினோம். காலையில் திறந்தால் இரண்டும் ஒரே உயரத்துக்குப் பொங்கி, இரண்டும் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. நான் ஸ்கேல் வைத்து அளந்தே காட்டினேன்.

ஆயா இரண்டு பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அந்தக் கரண்டியப் பிடிச்ச கை யாருது?"